மைலோமா மருந்தும் அம்மாவின் கால் எரிச்சலும்: பொறுத்துக்கொள்வதா, நிறுத்துவதா?

நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு 61 வயது. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா என்று தெரிந்து நான்கு மாதமாக மருந்து போகிறது. வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் ஊசி, 21 நாள் போட்டு 7 நாள் விடும் லெனலிடோமைடு கேப்சூல், வாரத்தில் ஒரு நாள் மட்டும் 40 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் மாத்திரை. ரிப்போர்ட்டில் நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, ராத்திரியானால் எரிகிறது. டெக்ஸா போடும் நாளில் பொட்டுத் தூக்கம் இல்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழவே மனமில்லை என்கிறார். "டாக்டர்கிட்ட சொல்லிடாதே, மருந்தை நிறுத்திடுவாங்க" என்று உங்கள் வாயையும் கட்டிவிட்டார். இதெல்லாம் மருந்து நன்றாக வேலை செய்வதன் அடையாளம்தானா, பொறுத்துக்கொள்ளச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். பொறுப்பதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் பெரிய இடம் இருக்கிறது; அளவைக் குறைப்பது, ஒரு வாரம் தள்ளிப்போடுவது, ஊசியின் இடைவெளியை மாற்றுவது, ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பது. மைலோமா சிகிச்சையே இந்த நடு இடத்தில்தான் நடக்கிறது. அம்மா பயப்படுவதுபோல் மருந்து பறிபோவது பெரும்பாலும் முன்கூட்டியே சொன்னவர்களுக்கு நடப்பதில்லை. மறைத்து வைத்து, நரம்பு முழுவதும் கெட்ட பிறகு வந்தவர்களுக்குத்தான் நடக்கிறது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடிந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. அதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் டேகேர் வார்டில் 17 வருடமாகச் செவிலியர். ஊசி போடுவதும், போடுவதற்கு முன் கேள்வி கேட்பதும், போட்ட பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. மருந்தின் அளவை நிர்ணயிப்பது என் வேலை அல்ல. அம்மாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), சர்க்கரை, ரத்த அணு எண்ணிக்கை எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் "இந்த அளவாகக் குறையுங்கள்" என்று இங்கே எழுத மாட்டேன். எது எதனால் வருகிறது, எதைக் கேட்க வேண்டும், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த "மருந்து வேலை செய்யும் அடையாளம்" விஷயம். இது உறுதியாகவே தவறு. மைலோமாவில் மருந்து வேலை செய்கிறதா என்பதை புற்றுசெல்கள் ரத்தத்தில் விடும் புரதங்களான எம் புரதம், லைட் செயின் ஆகியவற்றின் அளவும், தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனையும் சொல்லும். கால் எரிச்சல் அதைச் சொல்லாது. கால் கொஞ்சமும் மரத்துப்போகாமல் நோய் முழுக்க அடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடக்கவே முடியாத அளவுக்கு நரம்பு கெட்டும் நோய் அடங்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். வலியைத் தாங்கினால் பலன் கூடும் என்ற கணக்கு மனதுக்கு ஒரு தெம்பைக் கொடுக்கிறது, அதனால்தான் அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பாவம், அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்தக் கணக்கு உண்மையில்லை.

கால் எரிச்சலுக்கு வருகிறேன். மூன்று மருந்துகளில் இதற்கு முதல் சந்தேகம் போர்டிசோமிப் மேல்தான். மைலோமாவில் புற்றாக மாறுவது பிளாஸ்மா செல்கள்; அவை ஓயாமல் புரதம் தயாரிப்பவை. தயாரிப்பில் சேரும் கழிவுப் புரதங்களை உடைத்து அப்புறப்படுத்தும் இயந்திரத்துக்குப் புரோட்டியசோம் என்று பெயர். போர்டிசோமிப் அதை அடைத்துவிடுகிறது. கழிவு தேங்கிப் புற்றுசெல் சாகிறது. நரம்பு செல்களுக்கும் அதே இயந்திரம் வேண்டும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதலில் கால்விரல் நுனி, பிறகு பாதம், பிறகு கணுக்கால், அப்புறம்தான் கைவிரல் நுனி என்று வரிசையாக ஏறும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே காலில் மட்டும் என்றால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

இந்த மருந்து 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ரத்தக்குழாயில்தான் போட்டார்கள், அதுவும் வாரம் இரண்டு முறை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் அதே மருந்தை அதே அளவில் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார்கள். நோய் அதே அளவு குறைந்தது. நரம்புப் பாதிப்பு மட்டும் 53 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக இறங்கியது. கடுமையான பாதிப்பு 16 சதவீதத்திலிருந்து 6 ஆனது. வாரம் இரண்டு ஊசியை ஒன்றாக்கியபோது இன்னும் குறைந்தது. அம்மாவுக்குத் தோலுக்கடியில், வாரம் ஒன்று என்று ஏற்கெனவே மென்மையான முறையில்தான் போகிறது. அப்படியும் எரிகிறது என்றால் அடுத்த படி மருந்தின் அளவு. போர்டிசோமிபுக்கு வழக்கமான அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம். அதிலிருந்து 1.0, அதற்கும் கீழே 0.7 என்று இறங்குவதற்கு மருந்தின் வழிகாட்டுதலிலேயே படிகள் இருக்கின்றன. அதாவது, டாக்டர் அளவைக் குறைத்தால் அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. இந்த மருந்தைக் கொடுக்க வேண்டிய முறையே அதுதான். குறைந்த அளவில் பல மாதம் போட முடிந்தவர், முழு அளவில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்த நேர்ந்தவரைவிட மொத்தத்தில் அதிக மருந்தைப் பெற்றுவிடுவார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் படிகளில் மரமரப்பு மட்டும் இருக்கிறதா, கூடவே வலியும் இருக்கிறதா என்பது முக்கியமான பிரிவு. லேசான மரமரப்பு என்றால் அதே அளவில் தொடரலாம். அதே லேசான மரமரப்போடு வலி சேர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அன்றாட வேலைக்குச் சிரமம் தரும் மரமரப்போடு வலியும் இருந்தால் ஊசியை நிறுத்திவைத்து, தேறிய பிறகு குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும். நம் ஆட்களிடம் "வலி இருக்கா?" என்று கேட்டால் "இல்லீங்க, எரிச்சல்தான்" என்பார்கள். கேட்டவர் வலி இல்லை என்று குறித்துக்கொள்வார். எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இழுப்பது, போர்வை பட்டாலே கூசுவது, இவை எல்லாமே நரம்பு வலிதான். அம்மாவின் பாதம் ராத்திரியில் எரிகிறது என்பதை "நரம்பு வலி, தூக்கத்தைக் கெடுக்கிறது" என்றே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் முடிவு மாறக்கூடும்.

நானே இதில் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் தையல் தொழில் செய்த ஒரு பெரியவர் வாராவாரம் ஊசிக்கு வருவார். "எப்படி இருக்கீங்க ஐயா, ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பேன். "நல்லா இருக்கேம்மா" என்பார். அதை அப்படியே எழுதிவிட்டு ஊசி போடுவேன். ஒருநாள் அவர் கிளம்பிப்போன பிறகு பார்த்தால் அவருடைய ஒரு செருப்பு வார்டு வாசலில் கிடக்கிறது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. ஓடிப்போய் வாசலில் பிடித்தபோது ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அப்புறம் விசாரித்தால் இரண்டு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம், சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாராம். போர்டிசோமிபை முழுவதுமாக நிறுத்தும்படி ஆயிற்று. நோய்க்கு வேறு மருந்து கிடைத்தது. விரல் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை, தையலும் திரும்பவில்லை. அவர் மறைத்தார் என்பது உண்மை. சரியான கேள்வியை நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. அதன் பிறகு "தொந்தரவு இருக்கா?" என்று யாரிடமும் கேட்பதில்லை. பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, தரை பஞ்சுபோல் இருக்கிறதா, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறதா, தண்ணீர் சூடா ஜில்லா என்று கால் சொல்கிறதா என்று கேட்கிறேன். நீங்களும் அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று வாரக் குறிப்பைப் பார்த்தால் ஏறுகிறதா நின்றிருக்கிறதா என்பது டாக்டருக்கு ஒரு நிமிடத்தில் தெரியும்.

சரியாகுமா? பெரும்பாலானவர்களுக்குக் குறையும், மெதுவாக. போர்டிசோமிபின் ஆரம்பகாலப் பெரிய ஆய்வு ஒன்றில், குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு வந்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு அது குறைந்தது அல்லது முழுக்கப் போனது. அதற்குப் பொதுவாக மூன்று நான்கு மாதம் பிடித்தது. மிச்சப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் தங்கிவிட்டது. யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது. கடுமையாவதற்கு முன் அளவைக் குறைத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் தெளிவு. இன்னொன்று, மருந்தைக் குறைத்த உடனே எரிச்சல் நின்றுவிடாது. சில வாரங்களுக்குக் கூடுவதுபோலக்கூடத் தோன்றலாம். "குறைத்தும் பிரயோஜனமில்லை" என்று அம்மா சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழியையும் ஊசி மேல் போட்டுவிடவும் முடியாது. மைலோமா நோயே சிலருக்கு நரம்பைப் பாதிக்கும். அதோடு சேர்ந்து வரக்கூடிய அமிலாய்டு படிவும் (உறுப்புகளில் கோளாறான புரதம் படிவது) பாதிக்கும். டெக்ஸா சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை நரம்பைக் கெடுக்கும். வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். சர்க்கரையும் பி12 அளவும் எளிய ரத்தப் பரிசோதனைகள், சரிசெய்யக்கூடியவை. எடுத்தார்களா என்று கேளுங்கள்.

எரிச்சலைத் தணிக்கத் தரும் மாத்திரைகளான கேபாபென்டின், ப்ரீகாபலின், டுலோக்செடின் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், சிலருக்கு நிம்மதியாகத் தூங்குமளவுக்குக் கேட்கிறது, சிலருக்குத் தலைசுற்றல் மட்டும் மிஞ்சுகிறது. இவை வலியின் குரலைக் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது; உணர்ச்சியில்லாத மரமரப்புக்கு இவற்றால் பலன் குறைவு. கீமோவால் வரும் நரம்பு வலிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது டுலோக்செடினுக்கு, அதுவும் வேறு வகைக் கீமோ மருந்துகளில் கிடைத்த ஆதாரம். சிறுநீரகம் சரியில்லாதவருக்குக் கேபாபென்டின், ப்ரீகாபலின் அளவைக் குறைத்தே தர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"நரம்புச் சத்து மாத்திரை" என்று யாராவது ஒன்றை நீட்டுவார்கள். வாங்குவதற்கு முன் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். வைட்டமின் பி6 அதிக அளவில் நாள்பட எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும், இதில் சந்தேகமே இல்லை. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைகளும், கிரீன் டீயிலுள்ள ஒரு பொருளும் போர்டிசோமிபோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஆறேழு மாதச் சிகிச்சைக்காகக் கிரீன் டீயை விட்டுவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதால் நாங்கள் எல்லோரையும் விடச் சொல்கிறோம். பழங்களில் இருக்கும் வைட்டமின் சிக்கு இந்தப் பயம் வேண்டாம். எரியும் காலுக்கு வெந்நீர்ப் பையும் ஐஸ் கட்டியும் வைக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த தோல் கொப்பளித்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. தினமும் ராத்திரி அவர் பாதத்தை நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள், விரலிடுக்கு உட்பட.

அடுத்தது டெக்ஸா. இதைப் பற்றி யாரும் குடும்பத்தாரிடம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். எரிந்து விழுவது அம்மாவின் குணம் மாறியதால் அல்ல. 40 மில்லிகிராம் என்பது சாதாரணமாக ஆஸ்துமாவுக்கோ மூட்டு வீக்கத்துக்கோ தரும் ஸ்டீராய்டு அளவைவிடப் பல மடங்கு. போட்ட அன்றும் மறுநாளும் மனம் வேகமாக ஓடும், முகம் சிவக்கும், பசிக்கும், விக்கல்கூட வரும். மூன்றாம் நாள் அந்த வேகம் சட்டென்று வடிந்து, கைகால் கழன்றதுபோல், அழுகை வருவதுபோல் ஆகிவிடும். வாரம் தவறாமல் இது திரும்பத் திரும்ப வரும் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பாதிச் சுமை குறைகிறது. மூன்றாம் நாளில் முக்கியமான பேச்சோ வெளி வேலையோ வைக்காதீர்கள். மாத்திரையைக் காலை உணவோடு போட்டுவிட வேண்டும்; மதியத்துக்கு மேல் போட்டால் தூக்கம் இன்னும் கெடும். 40ஐயும் ஒரே நாளில் போடாமல் 20, 20 என்று இரண்டு நாளாகப் பிரிப்பது சிலருக்கு ஒத்துவருகிறது. அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அளவைக் குறைக்கலாமா என்ற பயத்துக்கு இந்த மருந்திலேயே ஒரு பெரிய பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் லெனலிடோமைடோடு டெக்ஸாவை மாதத்தில் 12 நாள், நாளுக்கு 40 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள், மொத்தம் 480. 445 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு அதை வாரம் ஒரு நாள், மொத்தம் 160 என்பதோடு ஒப்பிட்டது. அதிக அளவு வாங்கியவர்களுக்கு நோய் வேகமாகச் சுருங்கியது. ஆனால் ஒரு வருட முடிவில் அவர்களில் 87 சதவீதம் பேரும், குறைந்த அளவு வாங்கியவர்களில் 96 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். ரத்தக்கட்டும் தொற்றும்தான் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி. அம்மா இப்போது வாரம் ஒரு நாள் மட்டும் மாத்திரை போடுவதே அந்த ஆய்வின் பலன். "குறைச்சா நோய் திரும்பிடும்" என்று அவர் சொல்லும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 20இலேயே ஆரம்பிப்பது வழக்கம். அதைவிட இளையவர்களிலும் தாங்க முடியாதவர்களுக்கு அப்படி இறக்குவதுண்டு. ஆனால் நீங்களாகவே ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டு "முழுசா போட்டாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முடிவுகளெல்லாம் அந்தப் பொய்க் கணக்கின் மேல்தான் எடுக்கப்படும்.

டெக்ஸா மாதக்கணக்கில் போகும்போது தொடைத் தசை இளைக்கும். தரையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ கை ஊன்றாமல் எழ முடியாமல் போவது அதன் முதல் அறிகுறி. கால் மரமரப்போடு இதுவும் சேர்ந்தால் விழும் ஆபத்து அதிகம், மைலோமாவில் எலும்பு ஏற்கெனவே பலவீனம். போர்டிசோமிப் போட்டவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுவதும் உண்டு. அம்மா ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவரானால் அதன் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

லெனலிடோமைடைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தான விளைவு இதனிடமும் உண்டு. டெக்ஸாவோடு சேரும்போது காலின் ஆழ் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டலாம், அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அதனால் இந்தச் சேர்க்கையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பிரினோ அதைவிட வலுவான ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ சேர்த்துத் தருவார்கள். அம்மாவின் சீட்டில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்; இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவாக இருப்பது போன்ற நியாயமான காரணம் இருக்கலாம். எரிச்சல் இரண்டு காலிலும் என்றால் நரம்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால் ரத்தக்கட்டு என்றே நினைத்துக் கிளம்புங்கள். நான் மேலே வேறு கதை என்றது இதைத்தான்.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிரியாட்டினின் ஏறினால் அதே கேப்சூல் உடம்பில் இரட்டிப்பாகத் தங்கி வெள்ளையணுவையும் தட்டணுவையும் இறக்கும். மைலோமாவில் சிறுநீரகம் எளிதில் அடிபடும் உறுப்பு. ஆகவே உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இதயத்துக்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் தவிர. மாதங்கள் போனபின் விடாத வயிற்றுப்போக்கு வந்தால் அது பல பேருக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாததால் வருவது. அதற்கென்று மருந்து உண்டு, நன்றாகவே கேட்கிறது. பல வருடம் எடுப்பவர்களுக்கு வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது உண்மை. அதே ஆய்வுகளில் மைலோமா கட்டுக்குள் இருந்ததால் கிடைத்த லாபம் அந்த நஷ்டத்தைவிடப் பெரிதாக இருந்தது என்பதும் உண்மை.

கேப்சூலைத் திறக்கவோ உடைக்கவோ கூடாது. வீட்டில் கருவுற்றவரோ கருவுற வாய்ப்புள்ளவரோ இருந்தால் உடைந்த கேப்சூலையும் தூளையும் தொடவே கூடாது. இதன் முன்னோடி தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கைகால் வளர்ச்சியற்ற ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகு 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. அதே மருந்துதான் 1999இல் மைலோமாவில் வேலை செய்வதாகத் தெரியவந்து இந்த நோயின் சிகிச்சையையே மாற்றியது.

தொற்று விஷயத்தில் நான் கண்டிப்பானவள். மைலோமாவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், மூன்று மருந்தும் இன்னும் குறைக்கும், டெக்ஸா காய்ச்சலை அமுக்கியும் வைக்கும். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிட வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டெக்ஸா நாட்களில் காய்ச்சல் இல்லாமலே நடுக்கமோ, குழப்பமான பேச்சோ வந்தால் அதையும் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போர்டிசோமிப் போடும் காலத்தில் அக்கி எளிதாகக் கிளம்பும். அதைத் தடுக்க ஏசைக்ளோவிர் மாதிரி ஒரு மாத்திரை தினமும் தருவார்கள். பத்து மாத்திரையோடு இது எதற்குப் பதினொன்றாவது என்று பலர் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். விடவேண்டாம்; அக்கி விட்டுப்போகும் வலி, இப்போதைய எரிச்சலைவிட மோசம்.

எலும்பு உறுதிக்காக மாதமொருமுறை ஸோலெட்ரோனிக் அமிலம் ஏற்றினால் முதல் தடவை ஒருநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வருவது சகஜம். காய்ச்சல் 38ஐத் தொட்டால் இதையும் காரணமாகச் சொல்லி, கூப்பிடவே வேண்டும். அந்த மருந்து ஓடும்போது பல் பிடுங்குவது தாடை எலும்பைப் புண்ணாக்கலாம், அதனால் பல் வேலை எதுவானாலும் முதலில் தெரிவிக்க வேண்டும். பின்னால் டாரடுமுமாப் என்ற இன்னொரு மைலோமா மருந்தைச் சேர்த்தால் ரத்தம் பொருத்திப் பார்க்கும் பரிசோதனையை அது குழப்பும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம்வரை இது இருக்கலாம் என்பதால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ரத்த வங்கியில் சொல்ல வேண்டும்.

காய்ச்சலையும் ஒற்றைக்கால் வீக்கத்தையும் சொல்லிவிட்டேன். திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, நிற்காத ரத்தக்கசிவு, முதுகுவலியோடு கால் பலமிழப்பது அல்லது சிறுநீர் போகாமல் நிற்பது, இவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னதை மட்டும் கால் மரமரப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மருந்தால் வரும் மரமரப்பு வாரக்கணக்கில் ஏறும். தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் கால் விழும். தாமதித்த ஒவ்வொரு மணியும் திரும்பி நடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இனி அம்மாவின் தடையுத்தரவு. அவருக்குத் தெரியாமல் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் அம்மாவிடமே பேசிப் பாருங்கள் என்பேன், டெக்ஸா போட்ட நாளிலோ மூன்றாம் நாளிலோ அல்லாமல், ஐந்தாவது ஆறாவது நாளில். "நிறுத்தச் சொல்லப் போகல, கடைசிவரைக்கும் போட முடியற மாதிரி அளவை மாத்திக் கேக்கப் போறோம்" என்று சொல்லுங்கள். எத்தனை சுழற்சி (மருந்து நாளும் ஓய்வு நாளும் சேர்ந்த ஒரு சுற்று) பாக்கி என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வயதில் பலருக்கு இந்த மூன்று மருந்துச் சேர்க்கை நான்கு முதல் ஆறு சுழற்சியோடு முடிந்து, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கோ லெனலிடோமைடு மட்டும் தொடரும் கட்டத்துக்கோ போகிறது. அப்படியானால் போர்டிசோமிப் இன்னும் சில வாரங்களுக்குத்தான். முடிவு தெரியாமல் தாங்குவதும் இன்னும் ஆறு ஊசி என்று தெரிந்து தாங்குவதும் ஒன்றல்ல. அப்படியும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த ஊசி போடும் செவிலியரிடம் "அம்மாவுக்குப் பொத்தான் போட முடியுதான்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எங்களுக்கு அது போதும், மீதியை நாங்கள் கேட்டுக்கொள்வோம். அடுத்த ஊசிக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தால் அதுவரை காத்திருக்காமல் டேகேர் எண்ணுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். ஊசி ஏறிய பிறகு சொன்னால் அந்த வாரத்து அளவை மாற்ற வழியில்லை.